வீட்டில் ஒருவர் குடிக்கிறாரா? ஒரு கட்டிங் மாஸ்டரின் மனைவி சொல்வது

என் வீட்டுக்காரர் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை மேசை நீளத்துக்கு அடுக்கடுக்காக விரித்து (இதை லே என்போம்), மேலே பேட்டர்ன் வைத்து, மெஷினால் அறுத்தெடுக்கிற வேலை. ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டால் அதற்கும் கட்டிங் என்றுதான் பெயர். "என்ற பொழப்பே கட்டிங்தான் அம்மிணி, சாயந்தரம் ஒரு கட்டிங் போட்டா என்ன குத்தம்?" என்று கல்யாணமான புதிதில் கேட்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு நாலு வருஷம் ஓடியது. அதற்கப்புறம் பதினொரு வருஷம் வீட்டில் யாரும் சிரித்ததாக நினைவில்லை. 2017ல் நிறுத்தினார். நடுவில் ஒரே ஒரு ராத்திரி தவிர, இதை எழுதும் இன்றுவரை தொடவில்லை.

நான் டாக்டரோ ஆலோசகரோ இல்லை. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவள். ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் பக்கத்து மெஷின் பெண்களில் மாதம் ஒருத்தியாவது டிபன் பாக்ஸோடு என் அருகில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்க வீட்ல எப்படிக்கா நிறுத்துனாங்க?" என்று கேட்கிறாள். அரை மணி நேரத்தில் அதைச் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். குடிக்கிறவருக்காக அல்ல, அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்காக.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

"கொஞ்சமாத்தான் குடிக்கிறார்" என்பது ஒரு கணக்கே இல்லை. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஒரு அளவு என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், ஆக ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. கல்லீரல் ஒரு அளவைக் கரைக்கவே ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ராத்திரி பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவருக்கு விடியற்காலை நாலு, ஐந்து மணிவரை உடம்பில் சரக்கு இருக்கிறது. தூங்கி எழுந்துவிட்டாரே, தெளிந்திருப்பார் என்று வண்டிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் அளவைவிட முக்கியம் காலை நேரம். என் வீட்டுக்காரர் காலை எட்டரை மணிக்கு மேசைக்குப் போவார். சாக்பீஸ் பிடித்தால் கோடு நேராக வராது, புழு நெளிகிற மாதிரி வரும். வழியில் எங்கேயோ ஒரு கட்டிங் போட்டுவிட்டு வந்தால் கை கல் மாதிரி நிற்கும். "பாத்தியா, மருந்து மாதிரி" என்பார். மருந்துதான், அதுவே நோயும்கூட. குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, காலையில் பல் தேய்க்கும்போது குமட்டுகிறது, குடித்ததும் சரியாகிறது என்றால், அது பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. "எனக்கு எவ்வளவு குடிச்சாலும் ஏறாது" என்று பெருமையாகச் சொல்வதையும் கவனியுங்கள். உடம்பு பழகிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

டாக்டர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். குறைக்க வேண்டும் என்று நீங்களே நினைத்ததுண்டா? யாராவது குடியைப் பற்றிச் சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காக மனசு உறுத்தியதுண்டா? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் சரியாகும் என்று இருந்ததுண்டா? இரண்டுக்கு ஆம் என்றாலே பார்க்க வேண்டிய விஷயம். என் வீட்டுக்காரர் நாலுக்கும் ஆம். டாக்டர் கேட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையாட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏன் குடிக்கிறார் என்று ஆராய்ச்சி செய்த வருஷங்கள்

இதில் நான் ரொம்பக் காலத்தை வீணடித்தேன். மாமியார் என்னைச் சொன்னார், நான் வீட்டுக்காரரின் கூட்டாளிகளைச் சொன்னேன், வீட்டுக்காரர் கடனைச் சொன்னார். சரி, கடன் எதனால் வந்தது? யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது புரிந்ததைச் சொல்கிறேன். மாமனாரும் குடித்துத்தான் போனார். குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணு வழியாக வருவது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகத் தலையெழுத்து என்று விட்டுவிட முடியாது. மீதிப் பாதி ஊரும் வேலையும் வயசும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். சாயங்காலம் கையில் வாரக் கூலி, உடம்பெல்லாம் வலி, பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால், கூட ஐந்தாறு பேர், வழியிலே கடை. முதல் ரவுண்டு காண்ட்ராக்டர் செலவு. ஆர்டர் முடிந்தால் ட்ரீட், ஆர்டர் கேன்சல் ஆனால் அதற்கும். தீபாவளி போனஸ் வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தூக்கம் வரவில்லை என்று குடிக்கிறவர்கள் நிறைய. முதலில் தூக்கம் வரும், பிறகு நடுராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், அதற்குப் பிறகு குடித்தால்தான் தூக்கம் என்றாகும். மனச்சோர்வு, பதற்றம் ஏதாவது ஏற்கனவே இருந்து அதை மறைக்கக் குடிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் எதுவும் நிற்காது.

கடைகளை மூடினால் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. 1937ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை 1971ல் நீக்கி, மறுபடி கொண்டுவந்து, 1981ல் மறுபடி நீக்கி, 2003லிருந்து சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. மூடினால் நல்லது என்றே எனக்கும் தோன்றும். அதே சமயம் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் பார்த்தோம். குடித்தவருக்குக் கண் மங்குகிறது, பார்வை புகை மூட்டமாக இருக்கிறது என்றால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அரசாங்கம் எப்போது என்ன முடிவு செய்யும் என்று நம் வீடு காத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

நான் செய்த தப்புகள், நீங்கள் செய்யாதீர்கள்

பாட்டிலைத் தேடிக் கொட்டினேன். அரிசி டிரம், பீரோவுக்குப் பின்னால், வண்டி சீட்டுக்கு அடியில் என்று தேடித் தேடிக் கொட்டினேன். ஒரு தடவை கொட்டினால் அடுத்த தடவை புதிய இடத்தில் ஒளித்து வைப்பார். அவருக்கு ஒளிப்பதே வேலை, எனக்குத் தேடுவதே வேலை.

கம்பெனிக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று சொன்னேன். எத்தனை காய்ச்சல்! சூப்பர்வைசரே ஒருநாள், "ஏம்மா, டெங்குவா இருக்கப்போகுது, டெஸ்ட் எடுத்துப் பாரு" என்றார். வார வட்டிக்காரனுக்கு மகளிர் குழுக் கடன் எடுத்துக் கட்டினேன். தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் இருந்தபோது, "வேண்டுதல்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். அவர் வாந்தி எடுத்த இடத்தை விடிவதற்குள் கழுவிவிட்டேன். காலையில் எழுந்து பார்ப்பவருக்கு வீடு பளபளவென்று இருக்கும். நேற்று ராத்திரி எதுவுமே நடக்கவில்லை போல. நான் மறைத்தது ஊருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் சேர்த்தே மறைத்திருக்கிறேன்.

பஸ்ஸின் பின்னாலும் சுவரிலும் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நானும் பணம் கட்டி ஒரு பொட்டலம் வரவழைத்தேன். ரசத்தில் கலந்தேன். அன்று சாயங்காலம் குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வாந்தி. செத்துவிடுவார் என்றே நினைத்தேன். டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் இப்படித்தான் ஆகும். அதைத்தான் பொடித்துக் கொடுத்திருப்பார்கள் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். குடிக்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் ரத்த அழுத்தம், இதயம், கல்லீரல் எல்லாம் பார்த்துவிட்டுக் கொடுத்தால் அது மருந்து. தெரியாமல் சோற்றில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகச் சாப்பிட்டு இரண்டு வாரம் ஆன பிறகும் அது வேலை செய்யலாம்.

கயிறு கட்டினோம், சத்தியம் வாங்கினோம், கோயிலில் சூடம் அணைத்தோம். நம்பிக்கை தப்பில்லை. எங்கள் வீட்டில் அதனால் வந்த ஆபத்து வேறு விதம். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்

2015 கார்த்திகை மாதம். சபரிமலைக்கு மாலை போடுகிறேன் என்றார். வீட்டில் எல்லோருக்கும் பொங்கல், தீபாவளி எல்லாம் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. குருசாமி கையால் மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனத்தோடு வந்து நின்றபோது நான் காலில் விழுந்தேன். முதல் நாள் ராத்திரி தூக்கமில்லை, தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை. "உடம்பு சுத்தமாகுது" என்றார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பூஜை முடிந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். பல் கிட்டிக்கொண்டது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள்.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "குடிப்பாரா?" என்று கேட்டார்கள். மாலை போட்ட மனுஷனைப் பற்றி எப்படிச் சொல்வது? "இல்லீங்க" என்றேன். விரதம், சரியாகச் சாப்பிடவில்லை என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பொய் சொன்னது நான்.

மூன்றாம் நாள் ராத்திரி ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். அவர் படுக்கையை விட்டு எழுந்து போர்வையைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார். சுருக்கம் இல்லாமல் இரண்டு கையாலும் தடவுகிறார். ஓரத்தை ஒட்டி ஓரம் வைக்கிறார். "ஓரத்தைப் பிடிறா, இழுக்காதே" என்று யாருக்கோ சொல்கிறார். கழுத்தில் இல்லாத டேப்பை எடுத்து அளக்கிறார். பிறகு, இல்லாத மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, போர்வையின் மேல் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகிறார், வளைவு வருகிற இடத்தில் வளைக்கிறார். "ஏனுங்க" என்று தோளைத் தொட்டேன். "மேடம், பத்து நிமிஷத்துல லே முடிச்சிருவேனுங்க" என்றார். என்னைத் தெரியவில்லை. சுவரைக் காட்டி எறும்பு, எறும்பு என்றார். பக்கத்து வீட்டு அம்மா சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசினார். என் மகள்தான், அப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், யாரையும் கேட்காமல் 108க்குப் போன் செய்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. "கடைசியா எப்போ குடிச்சார்?" என்றார். நான் மறுபடியும் "குடிக்க மாட்டாருங்க" என்று ஆரம்பித்தேன். மகள் குறுக்கே வந்து, "மூணு நாள் முன்னாடி. தினமும் ஒரு ஆஃப் குடிப்பாரு. சில நாள் அதுக்கும் மேல" என்றாள். அந்த வார்த்தையால்தான் அவர் பிழைத்தார் என்று நான் நம்புகிறேன்.

தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் சிலருக்கு இப்படி மூளை குழம்பி, இல்லாதது தெரியும், இடம் ஆள் தெரியாது, காய்ச்சல் அடிக்கும், நாடி தாறுமாறாக ஓடும். வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகலாம். ஆஸ்பத்திரியில் குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் மாதிரி மருந்துகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். வீட்டில் நாமாக அந்த மாத்திரைகளை வாங்கிக் கொடுக்கக்கூடாது. கூடவே வைட்டமின் பி1 ஊசி. குடிக்கிறவர்களுக்கு இந்தச் சத்து வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். நான் கிளினிக்கில் சொன்ன பொய்க்கு எவ்வளவு விலை என்று அன்றுதான் தெரிந்தது.

அதனால், மாலை போடுவதாக இருந்தாலும், சிறைக்குப் போவதாக இருந்தாலும், ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதாக இருந்தாலும், எந்த டாக்டர் கேட்டாலும், எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது என்று மூன்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கண் மஞ்சளாவது, வயிறு ஊதுவது, கால் வீங்குவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, இதில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

எப்படிப் பேசுவது

குடித்திருக்கும்போது பேசவே பேசாதீர்கள். நான் பதினொரு வருஷம் ராத்திரி பத்து மணிக்கு நியாயம் பேசினேன், காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. முதல் கட்டிங்குக்கு முன்னால் ஒரு நேரம் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஞாயிறு காலை ஆறரை மணி, டீ குடிக்கிற நேரம். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர் மதிக்கிற ஒரே ஒரு ஆளை மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவருடைய அண்ணன். பத்து பேர் கூடினால் அது பஞ்சாயத்து ஆகிவிடும்.

"நீங்க குடிகாரர், குடும்பத்தையே அழிச்சிட்டீங்க" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன், சண்டை வந்ததே தவிர வேறு எதுவும் வரவில்லை. அன்று, மூன்றே விஷயம் சொன்னேன். "ஏனுங்க, போன செவ்வாக்கிழமை பையன் பள்ளிக்கூடத்துல மீட்டிங்குக்கு நீங்க வந்தப்போ, அவன் உங்களைப் பாத்துட்டு பாத்ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டான். இனிமே கம்பெனிக்கு நான் போன் பண்ண மாட்டேன். வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன், நானும் வர்றேன்." அவ்வளவுதான். அவர் பதில் சொல்லவில்லை. டீயை முடிக்காமல் எழுந்து போனார். வெள்ளிக்கிழமை வரவும் இல்லை. ஆனால் நான் சொன்னபடி போன் செய்யவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாததற்கு அவரே போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாந்தியைக் கழுவவில்லை, அவரே கழுவினார். மூன்றாவது வாரம் அவராகவே, "அந்த டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பாரு?" என்று கேட்டார். அன்றே கூட்டிப் போய்விடுங்கள். அந்த மனசு மறுநாள்வரை தாங்காது.

முடியாததைச் சொல்லி மிரட்டாதீர்கள். "விட்டுட்டுப் போயிருவேன்" என்று நான் நாற்பது தடவை சொல்லிப் போகாமலே இருந்திருக்கிறேன். நாற்பத்தியோராவது தடவை அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

எங்கே போவது

மாவட்ட அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கேயே போகலாம், செலவில்லை. மனநலப் பிரிவு என்ற பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள். சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஒரு மையம் 1980லிருந்து நடக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் முறையை நம் ஊரில் முன்னெடுத்தவர்களில் அவர் முக்கியமானவர், 1992ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் நேரில் போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா? டாக்டர் தினமும் வருகிறாரா? நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா? வேனில் வந்து ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். என் லைனில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் தம்பியை அப்படிக் கொண்டுபோனார்கள். முதுகில் தழும்போடு திரும்பி வந்தவன், வந்த அன்றே குடித்தான்.

போன் எண்கள்: போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டையும் நாமே கூப்பிடலாம், குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை. அடி உதை இருந்தால் முதலில் உங்கள் உயிர், பிறகுதான் அவருடைய வைத்தியம். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள். 2005ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, உங்களை அந்த வீட்டைவிட்டு வெளியே தள்ளக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம். "குடிச்சதாலதான் அடிச்சார், நல்ல மனுஷன்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லாதீர்கள்.

நிறுத்திய பிறகு வரும் சனிக்கிழமைகள்

2015ல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மூன்றே மாதத்தில் மறுபடி தொடங்கினார். உடம்பிலிருந்து சரக்கு இறங்கியதும் வைத்தியம் முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அது தொடக்கம்தான். 2017ல் ஒரு மாதம் தங்கி ஆலோசனை, அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல் மாதாமாதம் டாக்டர். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் இருக்கின்றன, கல்லீரல், சிறுநீரகம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு இன்றைக்கும் போகிறார். கட்டணம் கிடையாது, பேர் ஊர் கேட்க மாட்டார்கள். குடும்பத்துக்கென்று அல்-அனான் கூட்டம் தனியாக உண்டு. முதல் நாள் போய் உட்கார்ந்து, என் கதையை வேறு ஒருத்தி வாயால் கேட்டு, இரண்டு மணி நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டில் செய்தது சின்னச் சின்ன வேலைகள்தான். சம்பளத்தை பேங்கில் போடச் சொல்லி அவரே கம்பெனியில் கேட்டார். வண்டி வரும் வழியை மாற்றினார், ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. குடிக்கணும் என்ற வெறி வந்தால் இருபது முப்பது நிமிஷம்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு தணியும். அந்த அரை மணியைத் தாண்டத்தான் வழி பார்க்க வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு நாலும்தான் அதைக் கிளப்பிவிடும். அதனால் சனிக்கிழமை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸில் கடலை மிட்டாயும் ஒரு வாழைப்பழமும் இருக்கும், கம்பெனியை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுவார். முதல் ஒரு வருஷம் கல்யாண வீடுகளுக்கு மொய் மட்டும் என் கையில் போனது. "ஒரு நாள்தானே, ஒரு பீர்தானே" என்று சொந்தக்காரர் சொல்வார்கள், அவர்களிடம் "மாத்திரை சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒருவேளை சறுக்கினால், எல்லாம் போச்சு என்று ஒப்பாரி வைக்காதீர்கள். அவருடைய சித்தப்பா இறந்த வீட்டில் ஒரு ராத்திரி குடித்தார், நிறுத்தி நாலாவது மாதம். மறுநாள் காலையே டாக்டரிடம் போனோம். வாயை மோந்து பார்ப்பது, பாக்கெட்டைத் தடவுவது எல்லாவற்றையும் நான் விட்டுவிட வேண்டியிருந்தது. இது அவருக்குக் குடியை விட்டதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பிள்ளைகள்

தடுப்பு என்றால் இங்கேதான் தொடங்க வேண்டும். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பி டிஸ்போசபிள் டம்ளர், சோடா, சைடு டிஷ் வாங்கி வரச் சொல்லாதீர்கள். எங்கள் பையன் ஏழு வயதில் வாங்கி வந்திருக்கிறான். விசேஷத்தில் பெரியவர்கள் "நீயும் ஒரு வாய் டேஸ்ட் பண்ணுடா" என்பதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இள வயதில் தொடங்குகிறவர்களுக்குப் பிற்பாடு அடிமையாகும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்பது சட்டம். என் பையனுக்குப் பதினாறு வயதானபோது அவனை உட்கார வைத்து, "கண்ணு, தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கு, உனக்கு மத்தவங்களைவிட ஆபத்து ஜாஸ்தி. உன் ஃப்ரண்டுக்கு ஒண்ணும் ஆகாதது உனக்கு ஆகலாம்" என்று அவன் அப்பாவே சொன்னார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

குடி நின்றதும் பிள்ளைகளுக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பையன் பத்து வயதுவரை படுக்கையில் சிறுநீர் போனான், அது நின்றது. மகள் வேறு மாதிரி. நான் ஓவர்டைம் போனபோது தம்பிக்குச் சோறு போட்டவள், கடன்காரனுக்குப் பதில் சொன்னவள் அவள்தான். எப்போதும் முதல் மார்க், எப்போதும் அமைதி. அமைதியாக இருக்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன். ராத்திரி அப்பாவின் டிவிஎஸ் வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தை உள்ளே இருந்து எண்ணுவாள். ஒரே மிதியில் ஸ்டாண்ட் விழுந்தால் புத்தகத்தை மூட மாட்டாள். மூன்று தடவை மிதித்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். இதை அவள் என்னிடம் சொன்னது போன வருஷம்தான். அவளையும் அப்போதே ஆலோசகரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். நீங்கள் கூட்டிப் போங்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் சேர்த்து.

இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மட்டும் ராத்திரி ஒன்பதேகால் மணிக்குப் போன் செய்வாள். சமையல், ஹாஸ்டல், மழை என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். வாசலில் வண்டி வந்து நிற்கிற வரைக்கும் போனை வைக்க மாட்டாள்.